பனி இறங்கினால் கூடை நிறையாது

ஏற்காட்டில் காப்பி வைத்திருக்கும் சிறு விவசாயிகள் மார்கழி பிறந்ததும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நேற்று மூன்று கூடை பறித்த ஆள் இன்று ஒரு கூடையோடு நிற்கிறாரே, ஏன்?" சோம்பல் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பாதிப் பேர் கேட்கிறார்கள்.

நாகலூர்ப் பக்கம் நாலு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவருக்கும் சென்ற பருவத்தில் அதே கோபம். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தார். பத்து மணியாகியும் பனிமூட்டம் கலையவில்லை. பல வருஷமாக அவரிடம் பறிப்புக்கு வரும் அம்மா ஒருவர், "தம்பி, கை மரத்துப்போச்சு. காயா பழமான்னு கண்ணுக்கும் தெரியல, விரலுக்கும் தெரியல. நீயே பறிச்சுப் பாரு" என்றார். பறித்துப் பார்த்தார். கால் மணி நேரத்தில் அவர் கூடையிலும் பாதி பச்சைக்காய்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். குளிரில் உடம்பு உள்ளுறுப்புகளைச் சூடாக வைத்துக்கொள்ள, விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். நனைந்த கை இன்னும் சீக்கிரம் விறைக்கும். காப்பியோ ஒரே கணுவில் பச்சையும் சிவப்புமாக நிற்கிற பயிர். பழத்தை மட்டும் கிள்ள முடியாதவர், கூலி போய்விடுமே என்று கிளையோடு உருவுவார். பச்சைக்காய் பல்ப்பரில் தோல் கழலாமல் நசுங்கும், ருசி கெடும். உருவிய கிளையில் இலையோடு இளங்கணுவும் போகும். கோடை மழைக்குப் பூக்க வேண்டியது அதுதான். நனைந்த பழத்தில் ஒட்டிய தண்ணீரும் தராசில் ஏறுவது தனித் தகராறு.

கீழே சேலம், ஓமலூரில் இது தலைகீழ். சித்திரையில் விடியுமுன் வேலை தொடங்கி, வெயில் ஏறுமுன் கரையேறுகிறார்கள். வெப்பத்தால் 2030-ல் இந்தியா 5.8 சதவீத வேலை நேரத்தை இழக்கும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் கணித்தது. வெயிலுக்கு ஒதுங்குபவரை யாரும் சோம்பேறி என்பதில்லை. குளிருக்கு மட்டும் ஏன் அந்தப் பேச்சு?

குடை, கம்பளி, மழைக்கோட்டு தருவது பற்றி 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே பேசியது. அது பெரிய எஸ்டேட்டுகளுக்கு. நாலு ஏக்கர்காரரிடம் சட்டம் வராது, குளிர் வரும்.

அவர் பேச்சை மாற்றினார். மூட்டமான நாளில் நாள்கூலி, வெயில் நாளில் கிலோகூலி. மூட்டம் கலையும்வரை முந்தின நாள் பழத்தில் காய் பொறுக்குவது, சாக்கு தைப்பது என்று கூரைக்குக் கீழே வேலை, முதலில் சூடாக ஒரு கட்டங்காப்பி. கூலி கொஞ்சம் கூடுதலாகத்தான் போகிறது. மழை விடாமல் பெய்தால் பழம் வெடித்து உதிரும் என்பதால் எல்லா நாளும் இப்படிக் காத்திருக்கவும் முடியாது.

தாமதமாகப் பறித்தாலும் பழத்தை அன்றே பல்ப்பரில் போட்டாக வேண்டும். இரவு எட்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் பல்ப்பர் ஓடுவது அவர் மனைவிக்கு இன்னும் பிடிக்கவில்லை.