மழபாடிப் பதிகத்தின் மெட்டைத் தேடி

"அப்பா, நீங்க பாடுறது தப்பு" என்றாள் மகள். அன்று பங்குனிப் புனர்பூசம். நந்தி கல்யாணத்துக்காகத் திருமழபாடிக்கு வந்திருந்தோம். திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் மாப்பிள்ளை வீட்டாராக வந்து சேரும் நேரம். கூட்டத்தில் நின்றபடி நான் என்னையறியாமல் 'பொன்னார் மேனியனே' பதிகத்தை முணுமுணுத்திருக்கிறேன். தஞ்சாவூரில் பாட்டுக் கற்றுக்கொள்கிற பெண்ணுக்குக் காதில் உறுத்திவிட்டது. "இது நட்டராகப் பண்ணுப்பா. பந்துவராளியில வரணும். நீங்க பாடுறது மாயாமாளவகௌளை மாதிரி இருக்கு. மத்யமமே வேற."

அந்த மெட்டு என் அப்பாயியுடையது. எழுதப் படிக்கத் தெரியாதவர். மார்கழி விடியலில் வாசலில் சாணி தெளித்துவிட்டுக் குனிந்தபடியே பாடுவார். பத்துப் பாட்டில் மூன்று மட்டும்தான் தெரியும். அந்த மூன்றையும் சுற்றிச் சுற்றிப் பாடி முடிப்பதற்குள் கோலம் முடிந்திருக்கும். ஐம்பது வருடமாக என் காதில் இருப்பது அந்தக் குரல். அது தப்பென்றால் சரியானது எது, அதை யார் முடிவு செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பதிகம் பிறந்த கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. சுந்தரர் திருவாலம்பொழிலில் தங்கியிருந்த இரவு, கனவில் இறைவன் வந்து, மழபாடிக்கு வர நினைக்க மறந்துவிட்டாயா என்று கேட்டார். சுந்தரர் காவிரியைக் கடந்து வடக்கே வந்து, கோயிலுக்குள் நுழைந்து பாடியதுதான் ஏழாம் திருமுறையின் 24ஆம் பதிகம். மறந்தாயா என்ற கேள்விக்கு, உன்னையல்லாமல் வேறு யாரை நினைப்பேன் என்று பாட்டுக்குப் பாட்டு திரும்பத் திரும்பப் பதில் வருகிறது. சம்பந்தரும் அப்பரும் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார்கள். ஆனால் ஊர் வாயில் நிற்பது இந்த ஒரு பதிகம்தான்.

முதலில் கேட்டது தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடியது. தேவாரத்தைப் பண்முறைப்படி கேட்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் போய் நிற்கிற வாசல் அவர் குரல். சந்தேகமே இல்லை, பந்துவராளிதான். மகள் சுருதிப் பெட்டியை வைத்து எனக்குக் காட்டினாள். பந்துவராளிக்கும் மாயாமாளவகௌளைக்கும் ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம். அப்பாயி சுத்த மத்யமத்தில் நின்றுவிடுவார். பண்முறையில் பாடுகிறவர்கள் பிரதி மத்யமத்துக்கு ஏறிப் பஞ்சமத்தின் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அரை அங்குல ஏற்றம்தான். ஆனால் அந்த ஒரு சுரம் மாறியதும் பாட்டின் முகமே மாறிவிடுகிறது. அப்பாயி பாடினால் அது வீட்டுப் பெரியவரிடம் பேசுவதுபோல இருக்கும். பிரதி மத்யமத்தில் கேட்டால் ஆற்றைக் கடந்து ஓடிவந்தவனின் மூச்சிரைப்பு தெரிகிறது.

அதன்பின் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கேட்டேன். ஒரு காலத்தில் கோயில் வாசல் கடையில் வாங்கிய கேசட் ஒன்று பரணில் கிடந்தது. மேலட்டை உரிந்து பாடியவர் பெயர் போய்விட்டது. பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றி ஓடவிட்டால், ஹார்மோனியமும் தபலாவும் சேர்ந்து துள்ளலான தாளத்தில் அதே பதிகம், மோகனத்தின் சாயலில். கச்சேரி மேடைப் பதிவொன்றில் விருத்தமாக, ஒவ்வொரு அடிக்கும் ஒரு ராகம். எங்கள் தெருப் பெண்கள் பிரதோஷத்தன்று கூட்டாகப் பாடுவதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டேன். அவர்கள் எட்டுப் பேரும் அப்பாயி பக்கம்தான்: சுத்த மத்யமம்.

கொள்ளிடத்துக்குத் தெற்கே ஓர் ஊரில், ஓய்வுபெற்ற ஓதுவார் ஒருவரைப் பார்க்கப் போனேன். சிறு பையனாகத் தருமபுரத்தில் சேர்ந்து படித்தவர். நான் ராகம், ராகம் என்று கேட்டதும் கையமர்த்தினார்.

"பண்ணுன்னா வெறும் ராகம்னு நெனச்சுக்கிடாதீங்க தம்பி. கட்டளையும் சேரணும். பாட்டோட நடையிலேயே தாளம் உக்காந்திருக்கு."

முதலில் சுத்தாங்கமாக, தாளமில்லாமல் ஒரு பாட்டு. பிறகு தொடையில் தட்டிக்கொண்டு அதையே பண்ணாங்கமாக. 'மழபாடி' என்ற சொல் வந்ததும் குரலைச் சற்றுத் தாழ்த்தி, எழுத்துகளை ஒன்றொன்றாக எடுத்து வைத்தார், அவசரமில்லை, அலங்காரமில்லை. தாளத்தோடு பாடியபோது அதே சொல் தட்டுக்கு நேராக வந்து விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அப்பாயி கோலப்புள்ளி வைக்கிற கைக்கும் இதே கணக்குத்தான் என்று. சுரம் மாறியிருக்கலாம், நடை மாறவில்லை.

"இதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாருங்கய்யா?"

சொன்னார். அவருக்கு முன்? அதையும் சொன்னார். அதற்கும் முன்? "அது தெரியலீங்களே தம்பி" என்று சிரித்தார்.

எழுத்தில் தேடினால் கதை இன்னும் பின்னால் போகிறது. உமாபதி சிவம் பாடியதாகச் சொல்லப்படும் திருமுறைகண்ட புராணத்தின்படி, தில்லையில் பூட்டிய அறையில் சுவடிகள் கரையானுக்கு இரையாகிக் கிடந்தன. மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மிஞ்சியதை மீட்டார்கள். பாட்டு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடம் போகச் சொல்லி அசரீரி எழுந்தது. அவர்தான் பண்களை வகுத்துக் கொடுத்தார். அந்த ஊர் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இன்று ராஜேந்திரப்பட்டினம் என்ற பெயரில் இருக்கிறது. தேவார இசை முழுவதும் ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து திரும்பி வந்தது என்று நம் மரபே சொல்கிறது. சென்னையை அடுத்த மாடம்பாக்கம் கோயிலில் 2021இல் ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டபோது அதைப் புதுமை என்று பேசினார்கள். எனக்கு அது பழைய கடன் தீர்ந்ததாகத்தான் பட்டது.

ஆனால் இசை அடியோடு அற்றுப்போயிருந்ததா? கல்வெட்டு வேறு சொல்கிறது. ராஜராஜனுக்கு முன்பே, பல்லவர் காலத்திலேயே, திருவல்லத்தில் திருப்பதியம் பாடுவோருக்கு நிவந்தம் இருந்திருக்கிறது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும், உடுக்கைக்கு ஒருவரையும், கொட்டிமத்தளத்துக்கு ஒருவரையும் அமர்த்தினான். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். ஒரே நேரத்தில் 48 தொண்டைகள்! அத்தனை பேரையும் திடீரென்று வானத்திலிருந்து இறக்கியிருக்க முடியாது. பாடத் தெரிந்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருந்திருக்க வேண்டும். ஏடு கரையானுக்குப் போயிருக்கலாம். குரல் அறுந்திருக்காது என்பது என் துணிபு.

இருந்தும் அன்றைய நட்டராகம்தான் இன்றைய பந்துவராளி என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஓதுவார் மரபில் சாதாரிப் பண்ணுக்கும் பந்துவராளிதான். தக்கராகம், தக்கேசி இரண்டுக்கும் காம்போதி. வேறு வேறு பெயர் வைத்தவர்கள் ஒன்றையேவா பாடியிருப்பார்கள்? எங்கோ ஓரிடத்தில் இரண்டு வாய்க்கால் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பண்கள் 103 என்பது மரபு. தேவாரத்தில் வருபவை இருபத்து சொச்சம். அவற்றிலேயே இத்தனை சிக்கல். சென்னைத் தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண்ணாராய்ச்சிக்கென்றே ஆண்டுதோறும் கூடி இதைப் பேசிவருகிறது. மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்காக உழைத்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. அரங்கேறிய அடுத்த மாதமே அவர் மறைந்தார். குடந்தை ப. சுந்தரேசனார் ஊர் ஊராகப் போய்ப் பண்களைப் பாடிக்காட்டியே விளக்கினார். இவர்கள் யாரும் எளிதில் ஒத்துப்போனவர்கள் அல்லர். அந்தக் கருத்து மோதல்தான் இந்த இசையை நூலகத்துக்குள் உறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

சுரம் எழுதி வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன். ஜெர்மனியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கே தேவாலயப் பாடகர் குழுவிலும் பாடுகிற நண்பர், பிராம்ஸின் 'ஜெர்மன் ரெக்வியம்' என்ற படைப்பின் இரண்டு பதிவுகளை அனுப்பினார். 1868இல் பிரேமன் பேராலயத்தில் அரங்கேறியது. இறந்தவர்களுக்கான பாட்டு என்றாலும் இருப்பவர்களின் துயரத்தைத்தான் முதலில் தடவிக்கொடுக்கிறது. ஒவ்வொரு சுரமும் அச்சில் இருக்கிறது. என்ன வேகம் என்று மெட்ரோனோம் எண்கூட முதலில் போட்டிருந்தாராம். தம் ரத்தத்துக்கும் அந்தக் கருவிக்கும் ஒத்துவராது என்று பிற்பாடு அதைக் கைவிட்டார். ஆகவே ஒருவர் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடத்துவதை இன்னொருவர் எண்பது நிமிடத்துக்கு இழுக்கிறார். இரண்டையும் கேட்டேன். ஒன்று ஊர்வலம் போல நடந்தது, மற்றது ஆறு போல நின்று நின்று போனது. எழுதி வைத்த இசைக்கே இந்தக் கதி.

திருமழபாடிக் கோயிலைப் பற்றி ஒரு கல்வெட்டுச் செய்தி உண்டு. ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1012-13 வாக்கில், பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பழைய சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஒரு புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டார்கள். மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி கல்லில் வெட்டினார்கள். கல்லிலிருந்து ஏட்டுக்கு, ஏட்டிலிருந்து கல்லுக்கு. படியெடுத்த கை யாருடையது என்பது போய்விட்டது, செய்தி மிஞ்சியது. நந்தி கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் மகளோடு போய் அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.

என் தீர்ப்பு இதுதான். கோயில் சந்நிதியில், பண்முறை என்று சொல்லிப் பாடும்போது ஓதுவார் மரபு காத்துக் கொடுத்த நட்டராகத்தில்தான் பாட வேண்டும்; நம்மிடம் இருப்பதில் மிக நீண்ட சங்கிலி அதுதான். என் மகள் சொன்னது சரி. ஆனால் தெருப் பெண்களின் சுத்த மத்யமத்தைத் தப்பு என்று ஒதுக்க மாட்டேன். அதுவும் யாரோ ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்த்தான் வந்திருக்கிறது. அது எந்தக் கிளை, எங்கே பிரிந்தது என்று இனி வரும் ஆராய்ச்சியாளர் ஒருவருக்குத் தேவைப்படும்.

அப்பாயி குரல் எந்த நாடாவிலும் இல்லை. எனக்கு இருபது வயதானபோது வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது, அவரும் இருந்தார். எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் தேவார கேசட் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். கிழிந்த அட்டையையும் சேர்த்து வையுங்கள். வீட்டில் பதிகம் பாடுகிற பெரியவர் இருந்தால் இந்த வாரமே கைப்பேசியில் பதியுங்கள். பாட்டுக்கு முன்னால் தன் பெயர், ஊர், கற்றுக்கொடுத்தவர் யார், அன்றைய தேதி, இந்த நான்கையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.