பெயர்ப் பட்டியலில் இல்லாதவர்

டித்வா புயல் ஓய்ந்து மூன்றாவது வாரத்தில், ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்குச் சென்றிருந்தேன். 2025 நவம்பர் 28ஆம் திகதி கரையைக் கடந்த அந்தப் புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டதையும், கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் மண்சரிவுகளால் சிதைந்ததையும் வாசகர்கள் அறிவீர்கள். நான் சென்ற பாடசாலையில் தங்கியிருந்தவர்கள் உயிரிழப்பு எதனையும் சந்தித்தவர்கள் அல்லர். அவர்களுடைய லயத்துக்கு மேலே மலை வெடித்திருந்தது. இனி அங்கே படுக்கக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான்.

முதலாம் ஆண்டு வகுப்பறையில் சிறு பிள்ளைகளின் மேசைகளை ஒன்றாக இணைத்துப் படுக்கையாக்கியிருந்தார்கள். கால் நீட்டிப் படுக்கமுடியாத நீளம். கரும்பலகையில் அன்றைய சமையல் முறை யாருடையது என்று எழுதப்பட்டிருந்தது. முதல் வாரத்தில் ஹட்டன் கடைக்காரர்கள் அரிசியும் பருப்பும் அனுப்பினார்கள். கீழ்க் கிராமத்து விகாரையிலிருந்து பகல் சாப்பாடு வந்தது. கொழும்பிலிருந்து இளைஞர்கள் வான் நிறையக் கம்பளிகளோடு வந்து, படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். படம் எடுத்ததைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மலைப்பாதையில் அந்த மழையில் வந்து சேர்வது சாதாரணமல்ல. ஆனால் மூன்றாவது வாரத்தில் வான்கள் குறைந்துவிட்டன. பாடசாலை எப்போது திறக்கும், நாங்கள் எங்கே போவது என்ற பேச்சே எங்கும் கேட்டது.

அங்கேதான் அந்தச் சச்சரவைக் கண்டேன். தோட்டத் தலைவர் கையில் ஓர் அப்பியாசக் கொப்பி இருந்தது. குடும்பங்களின் பெயர்கள், அடையாள அட்டை இலக்கங்கள், பிள்ளைகளின் வயது எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. கிராம உத்தியோகத்தர் அந்தக் கணக்கின்படிதான் உலர் உணவு கொடுப்பார். வராந்தாவின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு முதியவர் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். அவருடைய பெயர் கொப்பியில் இல்லை.

"இவரு நம்ம தோட்டத்து ஆளு இல்லீங்க சேர். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கெடக்குறவரு. இங்க சோறு போடுறாங்கன்னு கேள்விப்பட்டு நடந்தே வந்துட்டாரு. ஒருத்தர விட்டா நாளைக்குப் பத்துப் பேர் வருவாங்க. பேப்பர்கார சேர், நீங்களே சொல்லுங்க" என்றார் தலைவர்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதற்குக் காரணம் முப்பது ஆண்டுகளுக்கு முந்தியது. அதைச் சொல்வதற்கு அதற்கும் முந்திய ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என் தாயார் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் ஆயாவாக இருந்தவர். 1974இல் எனக்கு ஆறு வயது. கோதுமை மாவுக்கும் அரிசிக்கும் நாடே அல்லாடிய பஞ்சகாலம் அது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தோடு பல தனியார் தோட்டங்கள் கைமாறின. கைமாறிய தோட்டங்கள் சிலவற்றில் வேலை குறைந்தது. வேலை குறைந்த இடத்தில் பங்கீடும் குறைந்தது. பசியால் தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்கள் நகரங்களில் கடை வாசல்களிலும் புகையிரத நிலையங்களிலும் விழுந்து கிடந்தார்கள். அந்த ஆண்டில் தோட்டப்புற மரணவீதம் கூர்மையாக உயர்ந்ததைப் பின்னாளில் பேராதனையில் படிக்கும்போது அட்டவணைகளில் பார்த்தேன். ஆறு வயதில் நான் பார்த்தது அட்டவணையை அல்ல. கம்பளைப் பக்கத்திலிருந்து நடந்து வந்த இரண்டு குடும்பங்கள் எங்கள் பிள்ளைமடுவத்தில் படுத்திருந்ததைப் பார்த்தேன். மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பியதும் அம்மா அவர்களை உள்ளே விடுவார்; விடியுமுன் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டுத் தரையைக் கழுவுவார். கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். எத்தனை நாள் இது நடந்தது என்று நினைவில்லை. மரவள்ளிக் கிழங்கு அவித்த வாசனை மட்டும் நினைவிருக்கிறது.

இனி என் கதை. பட்டம் பெற்று வெளியேறி, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மலையக நகரம் ஒன்றில் பிராந்திய நிருபராக வேலை பார்த்தேன். ஒரு நாள் வர்த்தகர் ஒருவர் அழைத்துத் தேநீர் தந்து, பஸ் நிலையத்தில் படுத்திருப்போரால் வியாபாரம் கெடுகிறது என்றார். அன்று வேறு செய்தி கிடைக்கவில்லை. "பிச்சைக்காரர் தொல்லையால் பயணிகள் பெரும் அவதி" என்று நாலு பந்தி எழுதி அனுப்பினேன். பயணிகள் எவரிடமும் நான் கேட்கவில்லை, படுத்திருந்தவர்களிடமும் கேட்கவில்லை. செய்தி பெட்டி கட்டி வெளிவந்தது. மூன்றாம் நாள் இரவு ஒரு லொறி வந்து அவர்களை ஏற்றிப் போய், பல மைல்களுக்கு அப்பால் தெருவோரத்தில் இறக்கிவிட்டது. நகரம் துப்புரவானது. நானும் அதைத் தொடர்செய்தியாக எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து அவர்களில் ஒரு மூதாட்டி திரும்பி வந்திருந்தார். கடைப்படியில் அமர்ந்திருந்தவர், கடந்துபோன என்னைக் கூப்பிட்டார்.

"நீ பிள்ளைமடுவத்து ஆயா மகன்தானே? ஒங்கம்மாவும் நானும் ஒரே மலையில கொழுந்தெடுத்தோம் தம்பி, அது ஆயாவா போறதுக்கு முந்தி."

அவருடைய கணவர் இறந்தபின் மகனின் பெயரில் காம்பிரா இருந்தது. மகன் வேலையைவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான். செக்ரோலில் பெயர் உள்ளவர் எவரும் அந்த வீட்டில் இல்லை என்றானது. காம்பிரா வேறொரு குடும்பத்துக்குப் போனது. முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்தவர் வாடகை பாக்கி வைத்தவருமல்லர், குடித்து அழித்தவருமல்லர். லொறியில் ஏற்றியபோது மூட்டை தவறிவிட்டதாகவும் அதில் ஓய்வூதியப் பணத்துக்கான கடுதாசி இருந்ததாகவும் சொன்னார். செய்தியை எழுதியவன் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. அவருக்குச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தேன். அம்மாவிடமும் கடைசிவரை சொல்லவில்லை.

தோட்டத்தில் கூரையும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. கோப்பிக் காலத்தில் எம்மவர் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்துகொண்டிருந்த அதே நாட்களில், 1841இல், அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நடந்து வரலாம், வேலைக்கு வரலாம்; வேலையில்லாமல் தெருவில் நிற்பது குற்றம். 1948இல் பிரஜாவுரிமை போனது. 2018இல் திருத்தம் வரும்வரை பிரதேச சபைகள் தமது நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவிடுவதற்கே சட்டம் தடையாக இருந்தது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்று குறிப்பெடுத்தேன். ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் எழுந்த வீடுகள் நல்ல வீடுகள்தான். ஆனால் லயங்களில் வாழ்வோரின் தொகைக்கு அவை எந்த மூலைக்கு?

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2005இலும் 2011இலும் அவ்விடம் ஆபத்தானது என எச்சரிக்கப்பட்டிருந்தது. ஏன் போகவில்லை என்று கொழும்பில் பலர் கேட்டார்கள். எங்கே போவது? தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும் பின்னர் மாக்கல்தெனியவில் இயங்காத தேயிலைத் தொழிற்சாலையிலும் இருந்தார்கள். புதிய வீடுகளின் சாவி கைக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. இப்போது டித்வாவில் வீட்டை முற்றாக இழந்தவருக்கு 50 இலட்சம் ரூபா வரை என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. நல்ல தொகை. நான் போன பாடசாலையில் ஒரு பெண் கேட்டார்: "எங்க வீடு இடியலீங்களே, மலைதான வெடிச்சிருக்கு. அதோட அது எங்க வீடும் இல்லீங்களே?"

தலைவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கெட்டவரல்லர். தம் காம்பிராவையும் விட்டுவந்து, முப்பது குடும்பங்களுக்கு அரிசி எண்ணிக்கொண்டிருந்தவர். "இருக்கட்டும், என் கணக்கில் எழுதுங்கள்" என்று பணத்தை நீட்டினேன். நீட்டும்போதே, அன்று வாங்கிக்கொடுத்த சாப்பாட்டின் நினைவு வந்து கூச்சமாக இருந்தது. அவர் பணத்தை வாங்கவில்லை. "காசு இல்லீங்க சேர் பிரச்சினை. பேர எங்க எழுதுறது?"

அடுப்படியில் நின்ற பெண் குறுக்கிட்டார். "எழுத வேணாம்ணே. சோத்த ஊத்துறப்ப ஒரு கரண்டி கொறச்சு ஊத்துறேன் எல்லாத்துக்கும். இஸ்கூல தொறந்தா நம்மளும் அந்த பஸ் ஸ்டாண்டுக்குத்தானே போகணும்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் கொப்பியை மூடினார். முதியவர் இவை எதுவும் தம்மைப் பற்றியதல்ல என்பதுபோல் குழந்தை ஒன்றுக்குத் தீப்பெட்டியில் வண்டி செய்துகொண்டிருந்தார். அருகே போய்ப் பேசினேன். எந்தத் தோட்டம் என்று கேட்டதற்கு ஒரு பெயரைச் சொன்னார். அந்தத் தோட்டத்தில் இப்போது தேயிலை இல்லை.

பாடசாலையை ஒப்படைக்கவேண்டிய நாள் வந்ததும் அவர்களைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றினார்கள். மாற்றும்போது பட்டியலின்படி பெயர் கூப்பிட்டார்களாம். முதல்நாள் இரவே அவர் கிளம்பிவிட்டாராம். கொடுத்த கம்பளியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்ததைத் தலைவர் தொலைபேசியில் சொன்னார். "நான் போகச் சொல்லலீங்க சேர்" என்று இரண்டு தடவை சொன்னார்.

பெப்ரவரியில் மீண்டும் ஹட்டனுக்குப் போனேன். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். பஸ் நிலையத்தில் இரவு இரண்டு மணிக்கு நிற்க இடமில்லை. காலியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வந்த குடும்பங்கள் சிமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தன. எவரும் அவர்களை எழுப்பவில்லை. தன்சல் ஒன்றிலிருந்து இளைஞர்கள் வாளியில் தேத்தண்ணீர் கொண்டுவந்து வரிசையாகக் கொடுத்தார்கள். யாத்திரிகர்களுக்கு நடுவில், காதுவரை துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கோப்பையைக் கொடுத்த பையன், மலையேறியாயிற்றா, இனித்தான் ஏறப்போகிறீர்களா தாத்தா என்று சிங்களத்தில் கேட்டான். இனித்தான் என்று அவர் சிங்களத்திலேயே பதில் சொன்னார். அவனும் கூட ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனான்.