தணிந்த காற்றும் திரும்பிய காற்றும்

காற்றுத் தள்ளுகிறது, பிள்ளை குந்தியிருக்கிறது, இதில் என்ன விளையாட்டு என்று கேட்கிறவர்கள் மலைநாட்டுத் திகனயிலும் உண்டு, கொழும்பிலும் உண்டு. வெளியாள் பேச்சைப் பொறுத்துக்கொள்ளலாம். பாய்ப்படகு பழகுகிற பிள்ளைகளே அதே நினைப்போடு புதுப் பாய்க்கும் வெளிநாட்டு முகாமுக்கும் பறப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. லேசர் படகு எல்லாருக்கும் 4.23 மீற்றர்தான், பெண்களின் ரேடியல் வகையில் பாய் எல்லாருக்கும் 5.76 சதுர மீற்றர்தான். சாமான் ஒன்றாக இருக்கும்போது, காற்றுப் பார்க்கத் தெரிந்தவர்தான் முந்துவார்.

அதில் முரட்டுப் பாடம் ஒன்று இருக்கிறது. காற்றை எதிர்த்து ஏறும்போது, பாயில் ஒட்டிய டெல்டேல் நூல் திடீரென்று துள்ளும். ஹெடர் வந்துவிட்டது, அதாவது காற்று முன்பக்கமாகத் திரும்பிவிட்டது என்று பிள்ளை உடனே அணியத்தைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி டெக் அடிக்கும். பல வேளை அது ஹெடரே அல்ல. காற்றுத் தணிந்திருக்கும், படகு மட்டும் பழைய ஓட்டத்தில் போகும்; அதனால் பாயில் படும் காற்று முன்னுக்கு வந்ததுபோல் தெரியும். சற்றுப் பொறுத்தால் ஓட்டம் குறைய நூல் தானாகப் படியும். டெக் அடித்தவரோ இருந்த வேகத்தையும் இழந்து தணிந்த காற்றுக்குள்ளேயே கிடப்பார். திசைகாட்டியை நம்பியும் பயனில்லை. நூலைப் பார்த்து அணியத்தை விலக்கினால் அதன் எண்ணும் கூடவே மாறி, பொய்க்குச் சாட்சி சொல்லும். உடம்பைத்தான் கேட்க வேண்டும். அணியத்தை விலக்கியதும் பாய் மறுபடி இழுத்து, காலை மாட்டும் ஹைக்கிங் வாரில் கால் இறுகினால் காற்றுத் திரும்பியிருக்கிறது. இழுவை வராமல் உடம்பை உள்ளே எடுக்க வேண்டிவந்தால், முன்னால் நீரின் கருஞ்சுருக்கமும் மறைந்திருந்தால், தணிந்திருக்கிறது.

இதைப் பழக மலைநீர் நல்லது. 1985இல் திறந்த விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரமே நீருக்குள் போனது; அந்தப் பள்ளத்தாக்கில் மலைமுனைக்கு முனை காற்றுத் தணிந்தும் திரும்பியும் வரும். ஒலிம்பிக் கடலில் அல்லவா நடக்கிறது, அலை பழகாதவர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பாய்ப்படகு வீராங்கனையான சென்னை நேத்ரா குமணனும் கிரான் கனாரியா தீவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்துத்தான் 2021இல் அந்தத் தகுதியைப் பெற்றார். அலை வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கடலென்றால் எப்போதும் காற்று நிறைந்து வீசுமா? 2024 ஒலிம்பிக்கில் மார்செய்க் கடலில் காற்றில்லாமல் லேசர் பதக்க ஓட்டமே மறுநாளுக்குத் தள்ளிப்போனது. டோக்கியோவில் 35ஆம் இடம் வந்த நேத்ரா மார்செயில் 21ஆவதாக வந்தார். அந்த முன்னேற்றத்துக்குக் காரணம் பல இருக்கலாம். எந்தக் கடலிலும் கணக்கு பொதுவாக ஒன்றுதான்: வந்த இடமே புள்ளி, புள்ளி குறைந்தவரே முதல், மிக மோசமான ஓட்டம் ஒன்றை மட்டும் கழிப்பார்கள். தப்பான டெக்கால் கெட்ட ஓட்டம் ஒன்றை அப்படி மறைக்கலாம். இரண்டாவது கெட்டால் மறைக்க வழியில்லை.

சிறுவர் படகான ஒப்டிமிஸ்ட்டை 15 வயதுவரை ஓட்டலாம். அதற்குள்ளே பெரிய படகுக்கு ஏற்றிவிடப் பெற்றோர் அவசரப்படுகிறார்கள். பயிற்றுநர்களோ பிள்ளை தானாகக் காற்றைக் காணுமுன்னரே பக்கத்துப் படகிலிருந்து கத்திச் சொல்லிவிடுகிறார்கள். ஓட்டம் தொடங்கியபின் வெளியார் உதவி விதிப்படி குற்றம். பழக்கத்தில் முழுக்க வெளியார் உதவியில் வளர்ந்த பிள்ளை அங்கே யாரைக் கேட்கும்?