கைவிரித்தவர்கள்



வீட்டைவிட்டு வர இயலாத மூத்தோருக்கு ஞாயிறு ஆராதனையை ஒளிபரப்பும் நம் சபைக் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு சென்ற மாதம் பழுதானது. திரையில் கோடுகள் ஓடின. சில நிமிடங்களில் கணினி அணைந்தது. உத்தரவாதக் காலம் முடியவில்லை. ஆயினும் ரசீதில் வரிசை எண் இல்லையென்று விற்பனையாளர் கைவிரித்தார். என் உள்ளம் கசந்தது.

பழுது பார்க்க வந்தவன், ஈராண்டாக ஆலயத்துக்கு வராத ஒரு வாலிபன். விசிறிகளில் தூசி அடைந்திருந்தது. சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் பசை காய்ந்திருந்தது.

“அடுப்பில் சூடாக்கினால் உயிர்பெறும் என்கிறார்களே?” என்றேன்.

“உயிர்பெற்றாலும் நிலைக்காது, ஐயா.”

தூசியை அகற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பழைய பசையைத் துடைத்து, புதுப்பசை இட்டு, திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சீராக முடுக்கினான். 90 டிகிரியைத் தாண்டிய வெப்பம் 70-இல் நின்றது.

அவன் வராமற்போனபோது பாடகர் குழுப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்தவன் நானே. ஒருமுறையேனும் சென்று விசாரிக்கவில்லை. விற்பனையாளர்மேல் கசந்த நானும் கைவிரித்தவனே! அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் இன்னும் ஆராதனைக்கு வரவில்லை. நான் அவன் வீட்டுக்குப் போய்வருகிறேன். ஒருநாள் எழுப்புதல் கூட்டத்தின் அனல் மட்டும் போதாது. பொறுமையாய்த் தூசி துடைக்கும் கைகளும் வேண்டும்.

தொலைந்த ஒற்றை ஆட்டைத் தேடிச் சென்ற மேய்ப்பரை நாம் ஆராதிக்கிறோம். நீங்கள் அடித்துவிட்ட பெயர் யாருடையது? இவ்வாரம் அவர் கதவைத் தட்டுங்கள். கர்த்தர் உங்களோடு வருவாராக. ஆமென்.