சுருள் காத்த செம்மல்

ஆக்குதல் அரிது, ஆக்கியதைக் காத்தல் அதனினும் அரிது. போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைச்சரிவுகளில் ஏலம் பயிரிடுவோர் இவ்வுண்மையை நன்கு அறிவர். காய் பறித்தவுடன் அவர்கள் பணி முடிந்துவிடுவதில்லை. பறித்த காயைச் சூட்டறையில் பதமாக உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்து, ஈரமும் வெளிச்சமும் அணுகாவண்ணம் மூட்டையில் கட்டி வைத்தால்தான் அதன் பசுமையும் மணமும் நிலைக்கும். ஒருநாள் அயர்ந்தால் ஓராண்டு உழைப்பும் வீணாகும். காத்தற்றொழிலின் அருமை இத்தகையது.

உழவுக்குப் பொருந்தும் இவ்வுண்மை கலைக்கும் பொருந்தும். ஓலைச்சுவடியைச் செல்லும் கரையானும் அரித்த காலத்தில், ஊர்தோறும் அலைந்து அவற்றைத் தேடி எடுத்து அச்சேற்றியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர் 1887 ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியையும், 1894 ஆம் ஆண்டில் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஓலைக்கு நேர்ந்த இடர் பிற்காலத்தில் திரைப்படச் சுருளுக்கும் நேர்ந்தது. அவ்விடரைத் துடைக்கத் தம் வாழ்நாளை அளித்தவர் பி. கே. நாயர் ஆவார்.

திரைப்படச் சுருள் பார்வைக்கு உறுதியானது. இயல்பிலோ மிக நொய்யது. 1950 ஆம் ஆண்டு வாக்கில் வரையில் படச்சுருள்கள் நைட்ரேட் என்னும் வேதிப்பொருளால் ஆகியிருந்தன. அது எளிதில் தீப்பற்றும். பற்றினால் அணைப்பது கடினம். தீப்பற்றாவிடினும் நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியாகும். பின்னர் வந்த அசிட்டேட் சுருளும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெட்டுப் புளிக்காடியின் நெடி வீசும். இயற்கை இழைத்த தீங்கோடு மனிதர் இழைத்த தீங்கும் சேர்ந்தது. கறுப்பு வெள்ளைச் சுருளில் வெள்ளி கலந்திருத்தலால், ஓடி முடிந்த படங்களைச் சிலர் வெள்ளிக்காக அழித்தனர். வளையலும் கைப்பையும் செய்வதற்கெனச் சுருளை விற்றவர்களும் உண்டு.

இவ்வாறு மறைந்தவை ஒன்றிரண்டல்ல. நடராச முதலியார் சென்னையில் எடுத்த தென்னாட்டின் முதல் ஊமைப்படமாகிய ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931 ஆம் ஆண்டில் தமிழ் பேசி வந்த முதற்படமாகிய ‘காளிதாஸ்’ இல்லை. அதே ஆண்டில் வெளிவந்த இந்தியாவின் முதற் பேசும்படமாகிய ‘ஆலம் ஆரா’வும் இல்லை. அவற்றைக் கண்டு மகிழ்ந்தோர் பல்லாயிரவர். காத்து வைத்தார் ஒருவரும் இலர்.

நாயர் 1933 ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் பிறந்தார். இளமையில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை கே. சுப்பிரமணியம் எடுத்த ‘அனந்தசயனம்’ முதலிய தமிழ்ப் புராணப் படங்களே. பட்டம் பெற்றபின் தாமும் படம் எடுக்க வேண்டும் என்னும் வேட்கையோடு பம்பாய்க்குச் சென்றார். அங்கே மெகபூப் கான், பிமல் ராய் போன்ற பேரியக்குநர்களின் தொழிலை அருகிருந்து கண்டார். கண்டபோது தம் ஆற்றல் படம் ஆக்குவதில் இல்லை என்பதை உணர்ந்தார். ஆசை ஒருபுறமும் ஆற்றல் மற்றொருபுறமும் இழுக்கும்போது இளைஞர் பலர் மனமுடைந்து வீழ்வர். நாயரோ சான்றோர் சொல்லுக்குச் செவி கொடுத்தார். அரசின் படப்பிரிவில் பணியாற்றிய ழான் பவுனகரி என்பார் காட்டிய வழியில் புனே நகரத்துத் திரைப்படக் கல்லூரியை நாடி, 1961 ஆம் ஆண்டில் ஆராய்ச்சி உதவியாளராக அமர்ந்தார். உற்ற காலத்தில் உரைத்த ஓர் அறிவுரை அவர் வாழ்வின் திசையையே திருப்பிற்று.

1964 ஆம் ஆண்டில் இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் புனேயில் நிறுவப்பட்டது. மறு ஆண்டில் நாயர் அதன் துணைக் காப்பாளரானார். 1982 ஆம் ஆண்டில் இயக்குநராக உயர்ந்தார். 1991 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். அதற்குள் ஏறத்தாழ 12,000 படங்கள் காப்பகத்தில் சேர்ந்தன. அவற்றுள் ஏறத்தாழ 8,000 இந்தியப் படங்கள். தாதாசாகிப் பால்கேயின் குடும்பத்தாரை அணுகி, 1913 ஆம் ஆண்டின் ‘ராஜா அரிச்சந்திரா’, 1919 ஆம் ஆண்டின் ‘காளிய மர்த்தன்’ ஆகிய படங்களின் எஞ்சிய சுருள்களைப் பெற்று வந்தார். 1933 ஆம் ஆண்டின் ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் ஊமைப்படம் திருவனந்தபுரத்துப் புத்தகக் கடை ஒன்றிலிருந்து 1974 ஆம் ஆண்டில் காப்பகம் சேர்ந்தது. தென்னாட்டு ஊமைப்படக் காலத்துக்குச் சான்றாக இன்று நிற்பது அதுவே.

சிறந்த படம் இது, சிறவாத படம் இது என்று பிரித்து, சிறவாததைத் தள்ளுவது காப்பாளன் கடமையன்று என்பது நாயரின் கொள்கை. இன்று எளிதெனத் தோன்றுவது நாளை அரிய சான்றாகலாம். ஆதலின் கிடைத்தவை அனைத்தையும் போற்றினார்.

காப்பகப் பணி ஆரவாரமற்றது. ஆயிரம் அடி நீளமுள்ள ஒரு சுருள் திரையில் பதினொரு நிமிடமே ஓடும். ஆயின் அதனைப் பழுது பார்ப்பதற்கு நாள்கள் பல ஆகலாம். சுருளை மேசைமேல் ஏற்றி மெல்லச் சுற்றுவர், விரல் நுனியால் தடவிக் கிழிசலை அறிவர், ஓரத் துளைகள் சிதைந்திருப்பின் ஒட்டிச் சீர் செய்வர், தூசு துடைப்பர், பெயரும் ஆண்டும் நீளமும் குறித்துக் குளிர்ந்த, ஈரமற்ற அறையில் அடுக்குவர். நாள்தோறும் இதனைச் செய்யப் பொறுமை வேண்டும். வேதியியல் அறிவும் மொழியறிவும் வரலாற்றுணர்வும் வேண்டும்.

நாயரின் மற்றொரு பெருமை மாணவர்க்கு அவர் காட்டிய வழி. திரைப்படக் கல்லூரி மாணவர்க்கு அவர் வகுப்பாசிரியர் அல்லர். ஆயினும் அவரிடம் கற்காதார் இலர் என்னலாம். இன்ன காட்சி இன்ன படத்தில் இத்தனையாம் சுருளில் உள்ளது என்று நினைவினின்றே கூறுவார். இருண்ட அரங்கில் சிறு கைவிளக்கின் ஒளியில் குறிப்பெடுத்த வண்ணம் மாணவரோடு அமர்ந்து படம் காண்பார். ஒரு மாணவனுக்கு எப்படம் வேண்டும் என்பதை அறிந்து அதனை எடுத்துக் காட்டுதல், நோயறிந்து மருந்தளிப்பதனை ஒத்தது. கருநாடகத்து எக்கோடு என்னும் சிற்றூரில் நடந்த திரைப்படச் சுவைப் பயிற்சிக்கும் அவர் படங்களோடு சென்றார். உழவரும் சப்பானியப் படமாகிய ‘ராசோமோன்’ கண்டு கருத்துரைத்தனர். காத்த பொருளைப் பூட்டி வைப்பதோடு அவர் நிறைவடையவில்லை. உரியார்க்கு ஊட்டியே நிறைவடைந்தார்.

அத்தகைய காவலர் இருந்தும் இழப்பு நேராமல் இல்லை. 2003 ஆம் ஆண்டு சனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த அறை தீக்கிரையாயிற்று. பழைய மூலச் சுருள்கள் பல சாம்பலாயின. முன்னரே படியெடுத்து வைத்தவை பிழைத்தன. அக்கல்லூரியில் 1969 ஆம் ஆண்டில் தேர்ந்தவரும் ஈழத்து மட்டக்களப்பில் பிறந்தவருமாகிய பாலு மகேந்திரா, தம் படங்கள் சிலவற்றின் மூலச் சுருள்கள் கிடைக்கவில்லையே என்று முதுமையில் வருந்தினார். பெற்றவனே தன் பிள்ளையைக் காண இயலாத துயரம் அது.

பழம்படத்தால் விளையும் பயன் யாது எனச் சிலர் வினவலாம். ஒருகாலத்தில் மூணாற்று மலையின் உச்சிநிலையத்திலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு குரங்கணியை அடுத்த கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிநாயக்கனூர்க்கு வண்டியேறின. உச்சிநிலையம் வரை ஓடிய மலை இரயில்பாதையை 1924 ஆம் ஆண்டு வெள்ளம் அழித்தது. கம்பிவடமும் பின்னர் மறைந்தது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர்க்கு வந்த மீட்டர் பாதை இரயிலும் 2010 ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது; அகலப்பாதை இரயில் 2023 ஆம் ஆண்டில் வந்தது. மாறுவது உலக இயல்பு. மாறுமுன் இருந்த தோற்றத்தை நமக்குக் காட்டவல்லது படமே. 2010 ஆம் ஆண்டில் வந்த ‘மைனா’ என்னும் படம் குரங்கணியின் பாதைகளையும் ஓடைகளையும் காட்டுகிறது. இன்று அது வெறும் கதை. நூறாண்டு கழித்து அது அம்மலையின் வரலாறு. அதுவரை அதனைக் காப்பார் யார் என்பதே வினா.

நாயர் 2016 ஆம் ஆண்டு மார்ச்சு 4 ஆம் நாள் புனேயில் மறைந்தார். அவர் வாழ்வைக் கூறும் ‘செல்லுலாயிடு மேன்’ என்னும் படத்தை 2012 ஆம் ஆண்டில் எடுத்த சிவேந்திர சிங் துங்கர்ப்பூர், 2014 ஆம் ஆண்டில் திரைப்பட மரபுக் காப்பு அறக்கட்டளை ஒன்றை நிறுவி, இளைஞர்க்கு இத்தொழிலைப் பயிற்றி வருகிறார். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்பட்டது.

படம் எடுத்தாரை உலகம் பாராட்டும். நடித்தாரை மாலையிட்டு வணங்கும். காத்தாரை எளிதில் அறியாது. அறியாவிடினும் அவர் பணி நிற்கும். எல்லாரும் ஆக்குவோர் ஆதல் இயலாது. ஆக்க இயலாதென உணர்ந்த அன்றே காக்கத் துணிந்தவர் நாயர். தம் ஆற்றலை அறிந்து, அதற்கேற்ற தொழிலைத் தேர்ந்து, அதனைத் தவமெனச் செய்வோர்க்கு எத்தொழிலும் சிறிதன்று.