காயல் தந்த மேடை

கொச்சிக்குச் செல்வோர் கடற்கரையிலே சீனவலைகளைக் காண்பர். 1524-இல் அங்கு மாண்ட வாஸ்கோடகாமா முதலில் புதைக்கப்பட்ட தேவாலயத்தைக் காண்பர். மட்டாஞ்சேரியின் மிளகு மணத்திலே மயங்குவர். நானும் கண்டேன், களித்தேன். எனினும், என் நெஞ்சை ஈர்த்து நிறுத்தியது எர்ணாகுளத்துக் காயலே!

1913-ஆம் ஆண்டு, புலையர் குல மக்கள் ஒன்றுகூடித் தம் குறைகளைப் பேச விரும்பினர். தரையிலே இடமில்லை! 1503-இல், கடல் கடந்து வந்த போர்த்துகீசியன் கோட்டை கட்ட இடந்தந்த மண், சேறு மிதித்துச் சோறு விளைத்தவன் கூடிநிற்க இடந்தர மறுத்தது. மனம் ஒடிந்தனரா? இல்லை! தோணிகளைக் கொணர்ந்தனர், ஒன்றோடொன்று பிணைத்தனர், காயலின் மீதே மாநாடு கூட்டினர்! கவிஞர் பண்டிட் கருப்பன் துணை நின்றார். குளத்து நீருக்குத் தீட்டு வகுத்தவர்கள் காயல் நீருக்கு வகுக்க மறந்தனர் போலும்!

அந்த நீர்ப்பரப்பே தெற்கே வேம்பநாட்டுக் காயலாய் விரிந்து வைக்கத்தைத் தொடுகிறது. கோயிலைச் சுற்றிய தெருக்களிலே நடக்கும் உரிமைக்காக 1924-இல் கிளர்ச்சி மூண்டதும், பெரியார் சிறை புகுந்ததும் அவ்வூரின் பொருட்டன்றோ!

கொச்சி செல்லும் இளைஞனே! வலையைப் பார், கோட்டையின் எச்சத்தைப் பார், காயலையும் பார். தரை மறுக்கப்பட்டோர் தண்ணீரிலே தலைநிமிர்ந்த இடம் அது!