சத்துணவுக் கூடத்துக் கோடாலி

கனடாவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அவர் வீட்டில் குளிர்காய்வதற்குச் சுவரோடு சேர்த்துக் கட்டிய அடுப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றவைக்க மெல்லிய சிராய்கள் வேண்டும். அதற்கென்று ஒரு கருவி வாங்கியிருக்கிறார். ஓர் இரும்பு வளையம், அதன் நடுவே மேல்நோக்கி நிற்கும் வெட்டுவாய். கட்டையை வளையத்துக்குள் நிறுத்தி மேலே சுத்தியலால் தட்டினால் இரண்டாகிறது. "சார், இதைப் பார்த்ததும் நம்ம ஸ்கூல் ஆயா ஞாபகம்தான் வந்துச்சு" என்று கீழே எழுதியிருந்தார்.

எனக்கும் அதே ஞாபகம்தான். அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

நான் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தவன். சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1 அன்று கிராமப்புறங்களில் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் நகரப் பகுதிகளுக்கும் வந்தது. அதற்கு முன்பே 1956இல் காமராஜர் மதிய உணவு கொண்டுவந்தார். அதற்கும் முன்பு, 1920இல், இன்று பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்குப் பெயராக இருக்கும் சர் பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட ஏற்பாடு செய்தார். இந்த வரலாற்றை மேடையில் எல்லோரும் சொல்வார்கள். அரிசி, பருப்பு, பிற்பாடு முட்டை, எல்லாம் பேச்சில் வரும். விறகைப் பற்றிப் பேசியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. எங்கள் பள்ளியில் 150 பிள்ளைகள் சாப்பிட்டார்கள். 15 கிலோ அரிசி, அப்புறம் சாம்பார். பன்னிரண்டரை மணிக்குத் தட்டு நிறைய வேண்டுமென்றால் எட்டரைக்குள் அடுப்பு எரிந்தாக வேண்டும். அதற்கு முன்னால் ஒருவர் விறகைப் பிளந்து வைத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் எங்கள் சமையல் உதவியாளர். பிள்ளைகளுக்கு ஆயா. எனக்கும் ஆயாதான், என்னைவிட பத்து வயதுதான் மூத்தவர் என்றாலும்.

வடசென்னைக்காரர்களுக்கு விறகு என்றால் சவுக்கு. பக்கிங்காம் கால்வாயில் படகு ஓடிய காலத்தில் ஸ்ரீஹரிகோட்டாப் பக்கமிருந்தெல்லாம் பட்டணத்துக்கு விறகு வந்தது. ராக்கெட் தளம் வருவதற்கு முன்னால் அந்தத் தீவு நம் அடுப்புகளுக்குத்தான் விறகு கொடுத்தது. விறகு விற்கும் இடத்துக்கு இங்கே விறகுத்தொட்டி என்று பெயர். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் தண்ணீர்த் தொட்டி என்று நினைக்கிறார்கள்.

சவுக்கு நல்ல விறகு. ஈரமாக இருந்தாலும் எரியும், தணலும் நின்று எரியும். ஆனால் பருமனான கட்டையில் நேரடியாகத் தீப்பிடிக்காது. முதலில் விரல் பருமனில் சிராய் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றமெல்லாம் தண்ணீர் நிற்கும்போது இன்னும் மெலிதாக வேண்டும். சிராய் சரியாக இல்லையென்றால் மண்ணெண்ணெயை ஊற்றத் தோன்றும். அது ஆபத்து, சோற்றிலும் வாடை அடிக்கும்.

அந்தச் சிராயைப் பிளக்க ஆயாவிடம் இருந்தது ஒரு கோடாலி. பள்ளியுடையது அல்ல, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மரம் வெட்டுகிற மெல்லிய அலகு. பாடத்தில் எளிய இயந்திரங்கள் நடத்தும்போது ஆப்புக்கு உதாரணமாகக் கோடாலியைச் சொல்வோம். எல்லாக் கோடாலியும் நல்ல ஆப்பு அல்ல. குறுக்கே வெட்டுவதற்கு மெல்லிய அலகு வேண்டும். பிளப்பதற்குக் கன்னம் தடித்த அலகு வேண்டும், அதுதான் நாரை இரண்டு பக்கமும் தள்ளி விலக்கும். மெல்லியது கட்டைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு கட்டையும் கோடாலியுமாகத் தூக்கித் தூக்கி அடிக்க வேண்டியதுதான்.

அடியில் போட்டிருந்தது கறிக்கடையில் கழித்த புளியங்கட்டை. சவுக்குத் துண்டை அதன்மேல் நிறுத்தி, இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் கோடாலியைக் குட்டையாகப் பிடித்து வெட்டுவார். கடைசி நொடியில் இடது கையை எடுத்துவிட வேண்டும். ஆயாவின் இடது ஆள்காட்டி விரலில் நுனி கிடையாது. "சின்னப் புள்ளையில எங்க ஊட்டுல போனது சார். இப்பல்லாம் கை தானா வந்துடும்" என்பார்.

கை வந்துவிடும். கோடாலித் தலைக்கு அந்த அறிவு கிடையாது. வெயில் காலத்தில் காம்பு காய்ந்து சுருங்கும், தலை ஆடும். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் காம்பு உப்பி இறுகும், மறுநாள் காய்ந்ததும் பழையபடி ஆடும். ஆணி அடித்தார், துணி சுற்றினார். ஒரு நாள் காலை, பிரார்த்தனை மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், ஓங்கிய கோடாலியிலிருந்து தலை தனியே பறந்தது. தண்ணீர் டிரம்மில் மோதி விழுந்தது. டிரம்முக்குப் பின்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயா அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

அந்த வாரமே எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை செய்த என் பழைய மாணவனைப் போய்ப் பார்த்தேன். புதுக் காம்பு போட்டுத் தரத்தான் கேட்டேன். அவன் விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, "கை பக்கத்துல கத்தி வர வேணாம் சார், கத்தி நிக்கட்டும்" என்றான். லாரி ஸ்பிரிங்கில் கழித்த குட்டைப் பட்டை ஒன்றை எடுத்தான். ஒரு விளிம்பைக் கல்லில் பிடித்துச் சாய்த்தான். வெல்டிங் வைக்கவில்லை. ஸ்பிரிங் இரும்பில் சூடு வைத்தால் வெடிப்பு விடுமாம். பட்டையின் நடுவில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டையில் போல்ட் போட்டு, இரண்டு பக்கமும் ஆங்கிள் வைத்து இறுக்கி, எங்கள் புளியங்கட்டையின் மேலேயே பூட்டிவிட்டான். சிராய் வாய் மேலே பார்க்க நின்றது. காசு வாங்கவில்லை.

ஆயா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னா சார் இது, வெறவுக்கு அருவாமனையா?" என்று சிரித்தார்.

அருவாமனைதான்! உலகத்தில் பல நாட்டுச் சமையலறைகளில் கத்தி அசையும், காய் கிடக்கும். நம் வீடுகளில் கத்தி நிற்கும், காயை இரண்டு கையாலும் கொண்டுபோவோம். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் காயும் மீனும் அப்படித்தான் நறுக்குகிறார்கள். விறகு மட்டும் எப்படியோ ஓங்கி வெட்டும் வேலையாகவே இருந்துவிட்டது. ஆயா சவுக்குத் துண்டை வாயின்மேல் வைத்து, மேலே ஒரு தடித்த மரத்துண்டால் தட்டினார். இரும்புச் சுத்தியல் கூடாது. கட்டை பிளந்ததும் அது நேராக வெட்டுவாயில்தான் இறங்கும், வாய் மழுங்கும். நீளத் துண்டாக எடுத்துக்கொண்டால் பிடிக்கும் கை கீழே பாதியில் இருக்கும், அடி மேலே விழும். முதல் நாளே அரை மணி வேலை கால் மணியில் முடிந்தது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தொட்டிக்காரர் சில சமயம் விலை குறைவென்று சவுக்கு வேர்க்கட்டையை ஏற்றிவிடுவார். முறுக்கும் முடிச்சுமாக இருக்கும். அதற்கு இந்தக் கருவி போதாது. இரும்பு ஆப்பும் சம்மட்டியும் ஓர் ஆண்பிள்ளையும் வேண்டும். அதைத் தொட்டியிலேயே பிளந்து அனுப்பச் சொல்லி எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன்!

கனடா மாணவர் வாங்கிய கருவியைப் பற்றித் தேடிப் பார்த்தேன். நியூசிலாந்தில் ஆய்லா ஹட்சின்சன் என்ற பள்ளி மாணவி அறிவியல் கண்காட்சிக்காகச் செய்தது. சிராய் பிளக்கும்போது அவள் அம்மாவுக்குக் கோடாலி விரலில் பட்டுவிட்டது, அதிலிருந்து வந்த யோசனை. இன்று கிண்ட்லிங் கிராக்கர் என்ற பெயரில் பல நாடுகளில் விற்கிறது. கண்காட்சிகளுக்கு நடுவராகப் போன வகையில் சொல்கிறேன், நம் பக்கம் நான் பார்த்ததெல்லாம் சோடா உப்பில் பொங்கும் எரிமலையும் தெர்மாகோல் காற்றாலையும்தான். வீட்டில் அம்மாவின் கையைப் பார்த்துச் செய்த ஒன்று என் மேசைக்கு வந்ததே இல்லை. பட்டறைப் பையன் செய்தது கண்காட்சிக்கே வரவில்லை. அவன் ஒன்பதாவதோடு நின்றுவிட்டான்.

எங்கள் சமையலறைக்கு எரிவாயு வந்தபோது அந்தக் கட்டையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஓய்வு பெறும் நாளில் ஆயா கேட்டு வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றிக் குப்பத்துக்குக் கொண்டுபோனார். அவர் இப்போது இல்லை. அவர் மகள் தை மாதம் தெருவில் பொங்கல் வைக்கிறவர்களுக்கெல்லாம் அதில்தான் சிராய் பிளந்து கொடுக்கிறார். உப்புக்காற்றில் பட்டை துருப்பிடித்திருக்கிறது, மார்கழிக் கடைசியில் பேரன் அரம் போட்டுத் தேய்த்து வைக்கிறான். புளியங்கட்டைதான் உளுத்துப்போய் ஒருமுறை மாற்ற வேண்டியிருந்ததாம். புதுசும் கறிக்கடையில் வாங்கியதுதான்.